மலைப்பக்கம் திருப்பவும்

டீ கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோகும்போது அந்தச் சத்தம் கேட்டது.

முதலில் 'டங்' என்று ஒன்று. ஒரு மூச்சு இடைவெளி. பிறகு கனமாக ஏதோ உருண்டு தரையில் விழுந்த சத்தம். இத்தனை வருடம் இரும்போடு இருந்ததில் எது விழுந்தது என்று காதே சொல்லிவிடும். ஸ்பேனர் விழுந்தால் துள்ளும். தகடு விழுந்தால் அலறும். இது துள்ளவும் இல்லை, அலறவும் இல்லை. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

லேத் என்ற கடைசல் மெஷினில், சுற்றும் கட்டையைக் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தலை. அதை நாங்கள் சக் என்போம். ஐந்து கிலோவுக்குக் குறையாது.

கிளாஸைக் கடைக்காரர் கையிலேயே கொடுத்துவிட்டுப் பட்டறைக்குள் ஓடினேன். மும்தாஜ் சுவரோடு சுவராக நின்றிருந்தார். மெயின் சுவிட்சை இழுத்து அணைத்த கையை சுரேஷ் இன்னும் எடுக்கவில்லை. சக் மும்தாஜின் காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. அது விழுந்த இடத்தில் சிமெண்டுத் தரை பெயர்ந்து வெள்ளையாகத் தெரிந்தது.

"அடிபட்டுச்சாம்மா?" என்றேன்.

"இல்லண்ணா." சொல்லும்போதே ஒரு காலை இன்னொரு காலின் மேல் வைத்து மறைத்துக்கொண்டார்.

"ரிவர்ஸ்ல போட்டுட்டீங்க" என்றார் சுரேஷ்.

"இல்லங்க. சுவிட்ச் பெட்டியில எழுதியிருக்கறபடிதான் திருப்பினேன்."

"எழுதியிருக்கறபடி திருப்பினா எப்படிங்க சக் கழண்டு வரும்? ஏழுமலையண்ணன் எவ்ளோ தெளிவா எழுதி வெச்சிருக்காரு. சொல்லுங்கண்ணா."

இருந்த ஏழெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். நாலு பேர் சேர்ந்து பார்த்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்போதெல்லாம் எனக்குக் கைகொடுக்கும் வார்த்தை ஒன்று உண்டு. பெண் பார்க்கப் போன வீட்டில்கூட அதைத்தான் சொன்னேன்.

"பார்க்கலாம்" என்றேன்.

மல்லாட்டை குடோன்

இந்தத் தொடரை இடையில் பிடித்தவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டித் தென்பக்கம் ஒரு சந்து. அதன் கடைசியில், வேர்க்கடலை மூட்டை அடுக்கிவைத்த பழைய மல்லாட்டை குடோன். ஜன்னல் கிடையாது. உச்சியில் இரண்டு காற்றுத் துவாரம் மட்டும். மூட்டைகள் போய்ப் பல வருடமாகியும் வெயில் ஏறினால் சுவரிலிருந்து மல்லாட்டை வாசனை வரும். அதை வாடகைக்கு எடுத்து, ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து மெஷின்களைப் போட்டு, வேண்டியவர்கள் வந்து வேண்டியதைச் செய்துகொள்ளலாம் என்று ஒரு பட்டறை வைத்தார்கள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சுரேஷ் அதற்கு 'மேக்கர் ஸ்பேஸ்' என்று பெயர் சொல்வார். நாங்கள் பொதுப்பட்டறை என்போம். ஆட்டோக்காரர்களுக்கு அது இன்னும் மல்லாட்டை குடோன்தான்.

முதலாளி கிடையாது. சம்பளக்காரரும் கிடையாது. கூட்டுவதற்கும் பூட்டுவதற்கும் முறை வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடி உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசி முடிவெடுப்போம். நான் பேசுவதில்லை, உட்கார்ந்திருப்பேன். உட்காருவதும் சரியாக வராது. கால் ஆடிக்கொண்டே இருக்கும், கை ஏதாவது ஒரு நட்டைத் திருகிக்கொண்டே இருக்கும்.

ஆரம்பத்தில் ஒரு நாள் ஷட்டர் சிக்கிக்கொண்டது என்று கூப்பிட்டார்கள், போனேன். அதைச் சரி செய்துவிட்டுத் திரும்பியபோது மூலையில் துருப்பிடித்த பழைய லேத் ஒன்று தார்ப்பாயின் கீழ் கிடந்தது. அதை ஓட வைக்காமல் வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. அன்றிலிருந்து, என் மோட்டார் ரிப்பேர் கடையை மூடியதும் கால் தானாக அங்கே போய்விடும்.

மும்தாஜ் எனக்குப் பிறகு ஒரு வருடம் கழித்து வந்தார். முப்பது வயதைத் தாண்டியவர். ஆசிரமப் பக்கம் இருக்கும் துணிக்கடைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பவர். பிளாஸ்டிக் பொத்தான் வைத்தால் வெளிநாட்டுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று, மரப் பொத்தான் கடைந்து பழக வந்தார். வேப்பங்கட்டையை உருளையாகக் கடைந்து, வெள்ளரிக்காய் அரிவதுபோல வில்லை வில்லையாக அறுத்து, துளை போடுவார். எட்டே மாதத்தில் லேத் சாவி அவர் கைக்கும் வந்தது. அந்தச் சாவி நாலு பேரிடம்தான் இருக்கும். அவருடையது தையல் டேப்பின் முனையில் கட்டிக் கழுத்தில் தொங்கும்.

எந்தப் பக்கம்?

போன வாரம் ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருந்தார், எதைச் சொன்னாலும் மலையைக் கொண்டுவந்துவிடுகிறீர்களே என்று. கொண்டுவராமல் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊரில் கட்டிலை நகர்த்துவதென்றால்கூட "மலையாண்ட கொஞ்சம் தள்ளு" என்போம். கண்ணைக் கட்டி எந்த அறைக்குள் விட்டாலும் மலை எந்தப் பக்கம் என்று முதுகு சொல்லும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்ற பிறகு, அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறைக்கு வேலைக்குப் போனேன். முதல் நாள் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் தலை சுற்றியது. சுற்றிப் பார்த்தால் மலையே இல்லை. ஊர் முழுக்கத் தட்டையாக இருந்தது. எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரே பக்கமாகத் தெரிந்தது. லாட்ஜுக்கும் பட்டறைக்கும் நடுவில் பத்து நாள் வழி தவறினேன்.

அங்கே மேஸ்திரி "லெஃப்ட்ல திருப்புடா" என்பார். நான் கையைப் பார்ப்பேன். எனக்குச் சோத்தாங்கை, பீச்சாங்கை தெரியும். இடது வலது என்று யாராவது அவசரத்தில் சொன்னால் இன்றைக்கும் ஒரு கணம் சோற்றை நினைத்துப் பார்த்துத்தான் திரும்புவேன்.

லேத்தை ஓட வைத்த பிறகு சுரேஷ் சொன்னார், "அண்ணா, மெஷின்ல எந்தக் குறியும் இல்ல. கைப்பிடிய எந்தப் பக்கம் திருப்பணும்னு சுவிட்ச் பெட்டி மேல எழுதிடுங்க. தமிழ்லயே எழுதுங்க. நீங்களே எழுதுங்க."

லேத் அப்போது கிழக்குச் சுவர் ஓரமாக இருந்தது. முன்னால் நின்றால் கைப்பிடி ஒரு பக்கம் மலையைப் பார்த்துச் சாயும், இன்னொரு பக்கம், மலைக்கு எதிர்த்திசையில் இருக்கும் ஏரியைப் பார்த்துச் சாயும். மலைப்பக்கம் சாய்த்தால் நேராகச் சுற்றும். ஏரிப்பக்கம் சாய்த்தால் ரிவர்ஸ். சக் மரையில் திருகிப் பூட்டியது. நேராகச் சுற்றும்போது இறுகும், ரிவர்ஸில் வெடுக்கென்று கிளப்பினால் கழன்று வந்துவிடும்.

'இடது' என்று எழுதலாமா என்று யோசித்தேன். பயமாக இருந்தது. 'பீச்சாங்கைப் பக்கம்' என்று எழுதினால் சிரிப்பார்கள். மஞ்சள் பெயிண்டில் பிரஷை முக்கி இப்படி எழுதினேன்:

மலைப்பக்கம் திருப்பவும். ஏரிப்பக்கம் திருப்பக் கூடாது.

நாலு பேர் படிக்க நான் எழுதிய முதல் எழுத்து அது. 'திருப்பவும்' என்பதில் 'ப்' வருமா என்று மல்லிகாவுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டேன். அவள் என் மனைவி, எட்டாவது வரை படித்தவள். வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் ஒருத்தர், "இது என்ன சார், மேப் இல்லாம மெஷின் ஓட்ட முடியாதா?" என்று சிரித்தார். ஊர்க்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அதில் வேடிக்கையாக ஒன்றும் தெரியவில்லை.

சுவர் மாறியது

தீபத்துக்கு முந்தின மழையில் கிழக்குப் பக்கக் கூரை ஒழுக ஆரம்பித்தது. லேத் மேல் தண்ணீர் சொட்டியது. நானும் இன்னும் இரண்டு பேரும் அடியில் பைப்பைக் கொடுத்து, கடப்பாரையால் நெம்பி, மெஷினை அரை வட்டம் திருப்பி எதிர்ச் சுவர் ஓரமாகக் கொண்டுபோய் வைத்தோம். முதுகைச் சுவருக்குக் கொடுத்து முன்பு நின்ற மாதிரியே நின்றது. துடைத்து, எண்ணெய் விட்டு, ஓட்டிப் பார்த்தேன். நன்றாக ஓடியது.

மும்தாஜ் அப்போது ஊரில் இல்லை. தங்கையின் பிரசவத்துக்கு ஆம்பூர் போயிருந்தார். பிறகு தீபக் கூட்டத்துக்காகப் பட்டறையை ஒரு வாரம் மூடினோம். திறந்த பிறகு, அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் அவர் முதலில் வந்தார். நான் டீ குடிக்க வெளியே போனேன்.

புதன்கிழமை காலை, ஆள் வருவதற்கு முன்னால், சக்கைத் திரும்பப் பூட்டலாம் என்று போனேன். மரையைத் துடைத்தேன். குனிந்து நிமிரும்போது என் எழுத்து கண்ணில் பட்டது. எழுதிய பிறகு அதை நான் படித்ததே இல்லை. என் கைக்கு வழி தெரியும், எழுத்து எதற்கு?

மலைப்பக்கம் திருப்பவும்.

முதுகில் சுருக்கென்றது. மெஷின் சுவர் மாறி நிற்கிறது. அப்போது மலைப்பக்கம் இருந்தது இப்போது ஏரிப்பக்கம். பெட்டி மெஷினோடு வந்துவிட்டது, எழுத்தும் பெட்டியோடு வந்துவிட்டது. மலை மட்டும் வரவில்லை.

நாங்கள் மூன்று பேர் கைப்பழக்கத்தில் ஓட்டினோம். ஒவ்வொரு தடவையும் எழுத்தைப் படித்து, மலை எந்தப் பக்கம் என்று பார்த்து, அதன்படி செய்த ஒரே ஆள் மும்தாஜ்.

சக் துடைத்த தின்னர் துணி கையிலேயே இருந்தது. பெயிண்ட் மேல் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், எழுத்து இருந்த இடமே தெரியாது. யாரும் கேட்கப் போவதில்லை. 'மலை' என்ற சொல்லின் ஓரத்தில் துணியை வைத்தேன். மஞ்சள் கொஞ்சம் கரைந்து துணியில் ஏறியது.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. துணியைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நாலு நாள்

அன்று கடையில் ஒரு மோட்டாரை மூன்று தடவை பிரித்தேன். மூன்று தடவையும் வாஷர் ஒன்று மிஞ்சியது.

வியாழக்கிழமை விடியலில் படுக்கை கொள்ளாமல் கிரிவலம் கிளம்பினேன். நடந்தால் கால் அடங்கும் என்று நினைத்தேன். பாதி தூரம் போவதற்குள், நேராகப் பட்டறைக்குப் போய் சுரேஷிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றி வந்த வழியே திரும்பினேன். மலையை வலம் வருகிறவர்கள் வழியில் திரும்புவதில்லை. எதிரே வந்தவர்கள் எல்லோரும் ஒதுங்கி என்னை உற்றுப் பார்த்தார்கள். இளநீர் வெட்டிக்கொண்டிருந்த ஆள் அரிவாளைத் தூக்கிக் காட்டிக் கேட்டார்:

"இன்னாபா, ரிவர்ஸ்ல போற?"

நடையை வேகமாக்கினேன். பட்டறைச் சந்து வரை வந்தேன். உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. அப்படியே வீட்டுக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் மும்தாஜ் என் கடைக்கே வந்தார். மிக்ஸி ஜாரின் பிளேடு சுற்றவில்லை என்று கொண்டுவந்திருந்தார். நான் ஜாரைப் பார்த்துக்கொண்டே பேசினேன். அவர் செருப்பு போட்ட காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். பெருவிரல் நகம் நாவல் பழம்போலக் கறுத்திருந்தது.

"வீட்ல கதவு இடிச்சுக்கிச்சுனு சொல்லி வெச்சிருக்கேண்ணா. மெஷின்னு தெரிஞ்சா அன்னையோட நிறுத்திடுவாங்க. ஞாயித்துக்கிழமை சாவியத் திருப்பிக் குடுக்கச் சொல்றாங்க. சாவி போனா நான் அங்க வந்து என்ன பண்றது, பெருக்கிட்டா போறது?"

நான் ஜாரைத் திருகினேன்.

"எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. கைப்பிடிய எந்தப் பக்கம் போட்டேன்னு ராத்திரியெல்லாம் நெனச்சு நெனச்சு இப்ப நெனவே வரமாட்டேங்குது. நீங்க சொல்லுங்கண்ணா. நான் தப்பு பண்ணேனா?"

இதைவிட நேராக யாரும் என்னைக் கேட்டதில்லை. ஒரு வார்த்தை போதும். இல்லம்மா. அவ்வளவுதான்.

"பார்க்கலாம்மா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு ஜாரை வாங்கிக்கொண்டு போனார். ஜாரை நான் சரி செய்யவே இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை துணி துவைக்க எடுத்த மல்லிகா சட்டைப்பையில் கைவிட்டாள். "இன்னாயா இது, பையில தின்னர் துணி? வீடே நாறுது. நாலு நாளா சோறும் எறங்கல, தூக்கமும் இல்ல. எங்கயாச்சும் எதையாச்சும் ஒடச்சுட்டியா?"

அவளிடம் சொன்னேன். அவள் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள். "மெஷின் மேல எழுதறதுக்கு எனக்குப் போன் பண்ணி 'ப்' வருமான்னு கேட்டல்ல? தப்புன்னு சொல்றதுக்கு யாருக்குப் போன் பண்ணுவ?" அந்த மஞ்சள் துணியை அவள் கொடியில் காயப்போடவில்லை. என் கையில் திரும்பக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை

இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மழை வருவதுபோல இருந்ததால் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, டியூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்தோம்.

சுரேஷ் கெட்டவர் இல்லை. பேசுவதற்கு முன் தண்ணீர் குடித்தார். "யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்லைங்க. ஆனா ஒரு உசுரு போயிருக்கும். பெட்டி மேல தெளிவா எழுதியிருக்கு. அப்பவும் தப்பு நடக்குதுன்னா, கொஞ்ச நாளைக்கு மும்தாஜ் சாவியக் குடுத்துட்டு, யாராச்சும் கூட இருக்கும்போது மட்டும் ஓட்டட்டும். சரிதானே?"

சிலர் சரி என்றார்கள். பின்னாலிருந்து ஒருத்தர், "பொம்பளைங்களுக்கு அந்த மெஷின் ஜாஸ்திபா" என்றார். மும்தாஜ் திரும்பிப் பார்த்து, "நீங்க போன மாசம் டிரில்லு பிட்டு ரெண்டு ஒடச்சீங்களே, அது ஆம்பளைங்களுக்கு கம்மியா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். ஆனால் அவர் கை கழுத்து டேப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக்கொண்டிருந்தது. முடிச்சு இறுகியிருந்ததால் நேரம் ஆனது.

அந்த முடிச்சு அவிழ்வதற்குள் சொல்லியாக வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. எழுந்து நின்றேன். நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது.

"மலை" என்றேன்.

"என்னண்ணா?" என்றார் சுரேஷ்.

"மலை எந்தப் பக்கம்? எல்லாரும் கையக் காட்டுங்க."

ஜன்னல் இல்லாத குடோனில், மூடிய ஷட்டருக்குள், எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் எழுந்தன. யாரும் யோசிக்கவில்லை, யாரும் பக்கத்து ஆளைப் பார்க்கவில்லை. எல்லா விரல்களும் ஒரே பக்கம் நீண்டன. அந்த வெளியூர்க்காரர் மட்டும் செல்போனை எடுத்துத் திசை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைய எறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு லேத்துக்குப் போனேன். மெயின் அணைந்திருந்தது. கைப்பிடியைப் பிடித்து அவர்கள் விரல் காட்டிய பக்கமே சாய்த்தேன்.

"இது இப்ப ரிவர்ஸு."

நீட்டிய கைகளை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தார்கள். சுரேஷ்தான் முதலில் எழுந்து வந்தார். எழுத்தைப் படித்தார். கைப்பிடியைப் பார்த்தார். கிழக்குச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நகத்தினது நான்" என்றேன். "எழுதினதும் நான். அவங்க எழுதியிருக்கறபடிதான் போட்டாங்க."

சுரேஷ் மும்தாஜ் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுடுங்க. நான் பார்க்காம பேசிட்டேன்" என்றார். பின்னாலிருந்தவர் கையை இறக்கினார். எனக்கு உடம்பு லேசாகியிருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மும்தாஜ் எழுந்து என் எதிரில் வந்து நின்றார்.

"எப்போ தெரியும்?"

"புதன்கிழமை."

விரல் விட்டு எண்ணினார். "புதன், வியாழன், வெள்ளி, சனி. வெள்ளிக்கிழமை நான் உங்க கடைக்கு வந்தேன். நான் தப்பு பண்ணேனான்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?"

எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "பார்க்கலாம்னு சொன்னேன்."

"எதைப் பார்க்கறதுக்கு?"

சட்டைப்பையில் இருந்த துணியை எடுத்து நீட்டினேன். அது எதற்கு என் பையில் இருந்தது என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மஞ்சளைப் பார்த்தார், எழுத்தின் கரைந்த ஓரத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார். துணியை வாங்கி, தின்னரை ஊற்றி, பெட்டியை அவரே துடைத்தார். வேகமாகத் துடைக்கவில்லை. எழுத்து எழுத்தாகத் துடைத்தார்.

பிறகு தன் பையிலிருந்து ஒரு வேப்பமரப் பொத்தானை எடுத்து, மெஷின் நேராகச் சுற்றுவதற்குக் கைப்பிடி சாயும் பக்கத்தில் பசை வைத்து ஒட்டினார். "விரல் தொட்டா தெரியும். மெஷின் எங்க போனாலும் கூடவே போகும்" என்றார், சுரேஷிடம். சாவி முடிச்சை மறுபடி இறுக்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பல மாதம் அவர் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை. ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் "இங்க பாருங்க" என்பார். அவர் நகம் விழுந்து புதிது முளைத்தது. நான் கேட்கவில்லை. அவர் செருப்பை மாற்றும்போது கண்ணில் பட்டது.

இந்த வருட மழையில் மேற்குப் பக்கக் கூரையும் ஒழுக ஆரம்பித்திருக்கிறது. போன வாரக் கூட்டத்தில் சுரேஷ் கேட்டார், "அண்ணா, லேத்த மறுபடி நகத்தணும் போல. என்ன சொல்றீங்க?"

கை ஏதோ ஒரு நட்டைத் திருகிக்கொண்டிருந்தது. "பார்க்கலாம்" என்றேன்.

எதிர் மேஜையில் பொத்தானுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்த மும்தாஜ் தலையை நிமிர்த்தவில்லை.

"எப்போ, அண்ணா?"

நட்டைக் கீழே வைத்தேன். கடப்பாரை மூலையில் சாய்ந்திருந்தது.

"இப்பவே" என்று எழுந்தேன்.